சாவை வாபஸ் வாங்கிய செண்பகம்

செண்பகம் செத்துப்போன விஷயம் செண்பகத்துக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. அதுவும் எதிர்வீட்டு எப்சி சொல்லித்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஷூ கம்பெனிக்கு லீவு. எப்சி வாசற்படியில் உட்கார்ந்து போனில் புது வாக்காளர் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் இருந்தது, புருஷன் பெயர் இருந்தது, தெருவில் எல்லா வீட்டுப் பெயரும் இருந்தது. செண்பகத்தின் பெயர் மட்டும் இல்லை. நீக்கப்பட்டவர்கள் என்று தனியாக ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். அதைத் திறந்தால் அங்கே இருக்கிறாள். செண்பகம், கணவர் பச்சையப்பன், வயது தொண்ணூற்றேழு, நீக்கக் காரணம் இறப்பு.

"ஆயா, இங்க வாயேன். உன்னச் செத்துட்டன்னு போட்டுக்கிறாங்க."

செண்பகம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எவன் போட்டது?"

"கவர்மெண்ட்டு."

"எப்ப செத்தேனாம்?"

"அதெல்லாம் போடல. போன மாசம் வாத்தியார் ஒருத்தர் ஃபாரம் எடுத்துக்கினு வந்தாரே, வேதாசலம்னு, அவர்தான் எழுதியிருக்கணும். நம்ம தெருவுக்கு அவர்தான். கண்ணாடி போட்டுக்கினு, கழுத்துல அட்டை மாட்டிக்கினு, கையில பாட்டில் வெச்சிக்கினு இருப்பாரு. ஞாயித்துக்கிழமை ஃபாரம் குடுக்கறப்ப பாத்தேன்."

பாட்டில் என்று கேட்டதும் செண்பகத்தின் கை நின்றுவிட்டது. அவள் முகம் போன போக்கை எப்சி கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அன்றைக்கே சிரித்து உருண்டிருப்பாள்.

நடந்தது இதுதான். மாதனூருக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டியிருக்கும் அந்தத் தெரு பகலில் ஆளில்லாத தெரு. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் வந்து பெண்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். தண்ணீர் லாரியோ பதினோரு மணிக்குத்தான் வரும். கிணறு இருந்தும் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது என்பதால் லாரிதான் கதி. எனவே பெண்கள் போகும்போதே குடங்களை முனையில் வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். எந்தக் குடம் எந்த வீட்டுக் குடம் என்று தெரிய, ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் கம்பெனியில் கழித்துப்போட்ட தோல் துண்டு ஒன்று கட்டியிருக்கும். எப்சி வீட்டுக்குச் சிவப்பு, அடுத்த வீட்டுக்குக் காக்கி, அதற்கடுத்த வீட்டுக்கு வெள்ளை. இந்தக் குடங்களுக்கெல்லாம் காவல், கலெக்டர், நீதிபதி எல்லாம் செண்பகம்தான். லாரிக்காரன் ஒரு குடத்தைத் தாண்டிப் போய்விட முடியாது. போனால் அவன் அப்பன் தாத்தா வரைக்கும் இழுப்பாள்.

அந்தத் தெருவுக்கு வருஷா வருஷம் தண்ணீரைச் சோதிக்கிற கூட்டம் ஒன்றும் வரும். கழுத்தில் அட்டை, கையில் பாட்டில். கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் மொண்டு பாட்டிலில் அடைப்பார்கள். தெருவிலேயே வயசானவர் யார் என்று கேட்டு, செண்பகத்தின் முன்னால் வந்து உட்காருவார்கள். அந்தக் காலத்தில் ஆறு எப்படி இருந்தது, எந்த வருஷம் தண்ணீர் நிறம் மாறியது, தோல் அரிப்பு உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான். இது நாற்பது வருஷமாக நடக்கிறது. பாட்டில்காரர்கள் மாறினார்கள், பாட்டில் கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக் ஆனது, கிணற்றுத் தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. செண்பகத்துக்கு அவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு, நல்ல வெயிலில், லாரி வராத எரிச்சலில் அவள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், வேதாசலம் வாத்தியார் கழுத்தில் அட்டையும் கையில் காலி பாட்டிலுமாக வந்து நின்றார். பாவம், அவர் குடிக்கத் தண்ணீர் கேட்பதற்காகத்தான் பாட்டிலைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

"இந்தத் தெருவுல செண்பகம்னு ஒருத்தங்க, தொண்ணூத்தேழு வயசு. இருக்காங்களா?"

"இல்ல. செத்துட்டா."

வாத்தியார் திடுக்கிட்டார். "எப்பங்க?"

"அது ஆச்சு மூணு மாசம். இந்தத் தண்ணியக் குடிச்சிக் குடிச்சே செத்தா. எழுதிக்கோ. எழுதிக்கினு போய்க்கினே இரு, பேஜார் பண்ணாத."

வேதாசலம் நல்ல மனிதர். எழுதிக்கொண்டார். அனுதாபமாக ஒரு 'உச்' கொட்டிவிட்டு, தண்ணீர் கேட்கவும் மனம் வராமல் போய்விட்டார்.

மற்ற வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை முகாமில் அவரவர் படிவத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். செண்பகம் முகாம் பக்கமே போகவில்லை. அவளைப் பொறுத்தவரை வந்தது பாட்டில்காரன், விரட்டியாயிற்று, வேலை முடிந்தது. இவ்வளவு வயதானவர்களுக்குப் படிவம் வேண்டியதில்லை போல என்று எப்சியும் நினைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் செண்பகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கீரையை ஆய்ந்து முடித்து, காம்புகளைக் கூட்டி எறிந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் சொன்னேன்" என்றாள்.

"இன்னாது?"

"நான்தான் செத்துட்டேன்னு சொன்னேன். பாட்டில்காரன்னு நெனச்சேன்."

எப்சிக்குச் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. செண்பகம் சிரிக்கவில்லை. பதினெட்டாம் தேதிக்குள் ஆம்பூர் தாலுகா ஆபீசில் போய் ஆட்சேபம் சொல்லாவிட்டால் வருகிற தேர்தலில் ஓட்டு கிடையாது என்று எப்சி போனைப் பார்த்துச் சொன்னதும், கிழவி தேதியை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். பயம்தான். அவளை அப்படி எப்சி பார்த்ததே இல்லை.

ஓர் ஓட்டுப் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று யாரும் கேட்கலாம். செண்பகத்திடம் மட்டும் கேட்டுவிட வேண்டாம்.

யுத்த காலத்தில், அரிசி கிடைக்காமல் ஊரே கேழ்வரகுக் கூழுக்கு அலைந்தபோது, திமிரிப் பக்கத்திலிருந்து அவள் அப்பா குடும்பத்தோடு நடந்தே இந்தப் பக்கம் வந்தார். பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும்; தோல் பதனிடுகிற டேனரிகளில் ஆள் போதவில்லை. பதினோரு வயதில் செண்பகம் பட்டை இடிக்கப் போனாள். ஆவாரம்பட்டையை உரலில் போட்டு இரும்புப் பூண் போட்ட உலக்கையால் இடித்து, கூடையில் அள்ளி, தோல் ஊறுகிற தொட்டிகளில் கொட்ட வேண்டும். சுதந்திரம் வந்த அன்று மேஸ்திரி ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து, கொடியைப் பார்த்துக் கும்பிடச் சொன்னான். கும்பிட்டார்கள். மத்தியானம் மறுபடி பட்டை இடித்தார்கள்.

அப்புறம் ஓட்டுக்குப் பெயர் எழுத ஒருவர் வந்தார். இருபத்தொரு வயது ஆகியிருந்தால்தான் எழுதுவேன் என்றார். செண்பகத்துக்கு அப்போது பதினேழோ பதினெட்டோ. "இருபத்தொண்ணு" என்று கண்ணிமைக்காமல் சொன்னாள். பக்கத்தில் நின்ற மேஸ்திரியும் ஆமாம் என்று தலையாட்டினான். அதனால்தான் அரசாங்கத்துக்கு அவள் தொண்ணூற்றேழு, அவளுக்கு அவள் தொண்ணூற்று மூன்று. பொய்யோடுதான் பட்டியலில் ஏறினாள்.

முதல் தேர்தல் ஐம்பத்திரண்டில். ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓட்டு. பட்டை இடிக்கிற பெண்கள் பன்னிரண்டு பேர் குளித்து, சீவி, பூ வைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் செண்பகம். மேசைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஓர் அதிகாரி. மை வைக்க இடது கை விரலை நீட்டச் சொன்னார். நீட்டினாள்.

அதிகாரி விரலைப் பார்த்தார். நகக்கண்ணிலிருந்து நடுக்கணு வரை கறுப்பு. மற்ற விரல்களைப் பார்த்தார். எல்லாம் கறுப்பு. வலது கையைக் காட்டச் சொன்னார். அதுவும் கறுப்பு.

"எத்தனை இடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறாய்? பத்து இடத்திலா?"

வரிசையில் நின்ற டவுன்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பின்னால் நின்ற பதினொரு பேரும் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். அதிகாரி பேரேட்டில் அவள் பெயருக்கு நேராக ஏதோ எழுதினார். போ என்று கையை வீசினார்.

மற்ற பதினொரு பேரும் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். டேனரியில் யாராவது போ என்றால் போய்த்தான் பழக்கம். செண்பகத்துக்கும் அதே பழக்கம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அவள் காதில் நின்றுவிட்டது. "நில்லுங்கடீ" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த ஒரு முஸ்லிம் வீட்டின் கொல்லைக் கதவைத் தட்டி, கொஞ்சம் புளியும் உப்பும் ஒரு செம்புத் தண்ணீரும் வாங்கினாள். பட்டைச் சாறு கையில் ஊறி, அதில் இரும்பு பட்டால் இப்படிக் கறுத்துவிடும், புளி போட்டுத் தேய்த்தால் வெளுத்துவிடும். இது டேனரியில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும், கோட்டுப் போட்டவருக்குத்தான் தெரியாது. அந்தக் கொல்லையிலேயே உட்கார்ந்து பன்னிரண்டு பேரும் கையெரிய எரியத் தேய்த்தார்கள். கறுப்பு போய்ச் சிவந்த விரல்கள் வெளியே வந்தன. ஒரு விரலை மட்டும் செண்பகம் தேய்க்காமல் கறுப்பாகவே விட்டுவைத்திருந்தாள். அதையும் மிச்சப் புளியையும் எடுத்துக்கொண்டு மறுபடி மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாமி, பாத்துக்கோங்க." அந்த விரலை அவர் கண்ணெதிரே தேய்த்தாள். வெளுத்தது. "எங்களுது புளிக்குப் போய்டும். இப்ப உங்க மைய வைங்க."

அவர் என்ன நினைத்தாரோ, மையை வைத்தார். காயும் வரை காத்திருந்துவிட்டு அதே புளியால் அதைத் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அசையவில்லை.

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மனுஷன் நியாயஸ்தர் என்று சொல்ல வேண்டும். பேரேட்டில் எழுதியதை அடித்துவிட்டு, சீட்டைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம். எந்தப் பெட்டியில் போட்டாள் என்று செண்பகம் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு கட்டிக்கொண்ட பச்சையப்பனிடமும்கூடச் சொல்லவில்லை. "கேட்டா உனக்கும் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான பெட்டியத் தனி ரூம்ல வெச்சிக்கிறான்" என்பாள்.

அன்றிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. அவள் போட்டவர்கள் ஜெயித்தார்கள், தோற்றார்கள், கட்சி மாறினார்கள், செத்தும் போனார்கள். ஒருவரும் அவள் தெருவுக்கு ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் கொண்டுவரவில்லை. அவள் அதற்காக ஓட்டுப் போடுவதை நிறுத்தவும் இல்லை. போ என்று சொன்ன இடத்தில் திரும்பிப் போய் நின்று வாங்கியது அது. அதை யாருக்காக விடுவாள்?

எழுபதுகளில் தோல் பதனிடப் பட்டை போய்க் குரோம் என்கிற ரசாயனம் வந்தது. தோல் நீலமாக வெளியே வர ஆரம்பித்தது. கால்வாயில் போகிற தண்ணீரும் ஒரு நாள் நீலம், ஒரு நாள் மஞ்சள். ஆற்று மணலில் தோண்டிய ஊற்றில் உப்பு கரித்தது. பிறகு கிணறுகள். பச்சையப்பன் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தான். எண்பத்து நாலு டிசம்பரில் ஒரு நாள், அடியில் தேங்கிய கசடை வாரத் தொட்டிக்குள் இறங்கியவன் விஷவாயு அடித்து அங்கேயே சாய்ந்துவிட்டான். மேலே தூக்கிப் போட்டபோது உயிர் இல்லை. கம்பெனியில் ஒரு தாள் எழுதினார்கள். அதில் நெஞ்சு வலி என்று போட்டார்கள்.

"தொட்டியில செத்தான்னு எழுது" என்று செண்பகம் ஆபீஸ் வாசலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றாள். கிளார்க் வெளியே வந்து, "எழுதுனது எழுதுனதுதாம்மா. போ" என்றான்.

அங்கே அவளுக்குப் புளி கிடைக்கவில்லை. அந்தத் தாளில் இருப்பதை அவளால் படிக்கக்கூட முடியவில்லை. ஐந்தாம் நாள் தேர்தல். காரியம் முடியாத வீட்டுப் பெண் வாசலைத் தாண்டக்கூடாது என்று தெருவே தடுத்தது. தாண்டினாள். வெறும் நெற்றியோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மறுபடி மூலையில் உட்கார்ந்தாள். சொந்தக்காரர்கள் ஒரு வருஷம் அவளிடம் பேசவில்லை.

அறுபது வயதில், அறிவொளி வகுப்பு வந்தபோது போய் எழுத்துக் கற்றுக்கொண்டாள். பாடப் புத்தகத்தை முடித்த அன்று டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். நெ-ஞ்-சு வ-லி. படித்துவிட்டு அன்று முழுக்க அழுதாள். அவன் செத்ததற்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

பதினேழாம் தேதி எப்சி கம்பெனிக்கு லீவு போட்டாள். ஏற்றுமதி ஆர்டர் முடிகிற வாரம், டார்கெட் ஜாஸ்தி, சூப்பர்வைசர் குதித்தான். "செத்துப் போன ஆயாவ எழுப்பப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். குடங்களுக்குக் காவலாக அன்றைக்குத் தன் புருஷனை உட்கார வைத்தாள். அவன் எதற்கும் லாயக்கில்லை என்று செண்பகம் பஸ் ஏறும் வரை சொல்லிக்கொண்டே போனாள்.

தாலுகா ஆபீசில் விசாரித்தது அம்பிகா என்கிற பெண் அதிகாரி. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு மாதமாகத் தூங்கியிருக்க மாட்டாள். செண்பகத்தின் பழைய வாக்காளர் அட்டையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாரி ஆயா. தப்பு நடந்துடுச்சு. ஒண்ணும் கவலைப்படாதீங்க, அஞ்சு நிமிஷ வேலை." ஒரு படிவத்தை எப்சியிடம் நீட்டினாள். "இத ஃபில் பண்ணிக் குடுங்க. புதுசா சேத்துடலாம்."

செண்பகம் படிவத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். தலைப்பை எழுத்துக் கூட்டினாள்.

"புதிய வாக்காளர். இது யாரு?"

"நீங்கதான் ஆயா. பேரு நீக்கினதால புதுசா அப்ளை பண்ற மாதிரி."

"நான் புதுசு இல்ல."

"தெரியும். இது ஒரு ஃபார்மாலிட்டி. எப்படிச் சேத்தாலும் ஓட்டு ஒண்ணுதான்."

"அப்ப அந்த இறப்புன்னு எழுதினது?"

"அது அப்படியே இருக்கும். அத யாரு பாக்கப் போறா?"

"அது இருக்கட்டும்னா நான் எதுக்கு வந்தேன்?" செண்பகம் படிவத்தை மேசை மேல் வைத்து, விரலால் அந்தப் பக்கம் தள்ளினாள். "அம்பத்திரெண்டுலருந்து போடறவ நான். பதினெட்டு வயசுப் பொண்ணுங்களோட என்ன நிக்க வைக்காத. செத்தவள அடி. இருந்தவளத் திருப்பிப் போடு."

எப்சி அவள் முழங்கையைப் பிடித்தாள். "ஆயா, நாளைக்குக் கடைசி நாளு. குடுத்துட்டுப் போய்டலாம். இத வுட்டா ஓட்டே இல்ல."

"இல்லாம போவட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அம்பிகா படிவத்தை ஓரமாக எடுத்து வைத்தாள். பழைய பதிவையே மீட்க வேண்டுமானால் அது தவறான அறிக்கை என்று நிரூபிக்க வேண்டும், அறிக்கை கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டும், அவருக்கு மெமோ போகும் என்றாள். பக்கத்து அறையிலிருந்து வேதாசலம் வாத்தியாரைக் கூப்பிட்டாள்.

வாத்தியார் உள்ளே வந்தார். செண்பகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மேடம்! இவங்கதான் மேடம்!"

"இவங்கதான் யாரு?"

"செண்பகம் செத்துட்டாங்கன்னு என்கிட்ட சொன்னவங்களே இவங்கதான்!"

அறையில் இருந்த கிளார்க்குகள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். அம்பிகா கோப்பைப் புரட்டி வாய்விட்டுப் படித்தாள். "அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் நேரில் தெரிவித்தபடி." படிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேதாசலத்துக்கு வரவில்லை. முப்பது வருஷ சர்வீசில் ஒரு மெமோ வாங்காத மனுஷர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

செண்பகம் அவரைப் பார்த்தாள். வெயிலில் காலி பாட்டிலோடு நின்ற அதே முகம். அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் விரட்டினோமே என்று அவளுக்கு உறைத்தது.

"இந்த ஆளுக்கு மெமோ குடுக்காத" என்றாள் அம்பிகாவிடம். "இவரு பொய் எழுதல. நான் சொன்ன பொய்ய எழுதினாரு. பொய் என்னுது. நான் எழுதித் தர்றேன்."

"எப்படி எழுதித் தருவீங்க?"

"வாத்தியாரே, பேனா எடு. நான் சொல்றேன், நீ எழுது."

வேதாசலம் அதிகாரியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

"செண்பகம் ஆகிய நான், நான் செத்துட்டேன்னு நானே சொன்னேன். அது பொய். அத வாபஸ் வாங்கிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏன் சொன்னேன்னா..."

"காரணம் வேணாம் ஆயா" என்றாள் அம்பிகா. "முதல் ரெண்டு வரி போதும். அத வெச்சி நான் ஆர்டர் போட்டுடறேன்."

செண்பகம் எழுந்து நின்றாள். எழுவதற்கே மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"என் வூட்டுக்காரன் தொட்டியில செத்தான். காரணத்த எழுதுன்னு ஒரு நாள் பூரா நின்னேன். நெஞ்சு வலின்னு எழுதிட்டானுங்க. இன்னிக்கும் அந்தத் தாளு எங்கிட்ட கீது. காரணம் இல்லாம எழுதினா அது பொய்ம்மா. ஒரு பொய்ய அடிக்க இன்னொரு பொய் எழுதக் கூடாது. எழுதினா முழுசா எழுது. இல்லன்னா நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்."

எப்சி அழுதுகொண்டிருந்தாள், பச்சையப்பன் கதை அவளுக்கு இதுவரை தெரியாது.

"எழுதுங்க சார்" என்றாள் அம்பிகா.

ஒன்றரைப் பக்கம் ஆனது. லாரி, குடம், பாட்டில்காரர்கள், நாற்பது வருஷக் கையெழுத்து, கிணறு, எல்லாம் சொன்னாள். முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னாள். வாத்தியார் பாடம் நடத்துகிற குரலில் படித்தார். "எங்கள் தெருவில் நிலவும் தண்ணீர்த் தட்டுப்பாடு காரணமாக..."

"நிறுத்து. நான் தட்டுப்பாடுன்னு சொன்னேனா?"

"அது எழுத்துல அப்படித்தாங்க வரும்."

"தண்ணி கிணறு நெறையக் கீது. அதக் கெடுத்துட்டாங்க. கெடுத்துட்டாங்கன்னு எழுது."

வேதாசலம் தட்டுப்பாட்டை அடித்துவிட்டு, மேலே கெடுத்துவிட்டார்கள் என்று எழுதினார். அடித்த இடத்தில் தானே சுருக்கொப்பமும் போட்டார்.

கிளார்க் ஒருவன் பழக்க தோஷத்தில் மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான். செண்பகம் அவனுக்குத் தன் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினாள். சுண்ணாம்பும் பட்டையும் தின்று, ரேகை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. டப்பாவை மூடிவிட்டுப் பேனாவை வாங்கினாள். எழுத்து ஒவ்வொன்றாக, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, செண்பகம் என்று எழுதினாள்.

பிப்ரவரியில் இறுதிப் பட்டியல் வந்தது. பழைய இடத்திலேயே, பழைய பொய் வயதோடு அவள் பெயர் இருந்தது. எப்சி அதைப் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். செண்பகம் தொட்டுப் பார்த்தாள். படம் நகர்ந்து ஓடிவிட்டது. "சரி, சரி, எடுத்து வை" என்றாள். தண்ணீர் லாரி மட்டும் வழக்கம்போலப் பதினோரு மணிக்கு வர வேண்டியது பன்னிரண்டரைக்கு வந்துகொண்டிருந்தது.

பங்குனி வெயிலில் ஒரு நாள் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் தெருவுக்குள் வந்தாள். கையில் பாட்டில். செண்பகம் குடங்களுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிக்கறதுக்கா, கிணத்துக்கா?"

"கிணத்துக்குங்க. சாம்பிள் எடுக்கணும். பழைய ஆளுங்க யாராவது இருந்தா கொஞ்சம் பேசணும்."

லாரி இன்னும் வரவில்லை. செண்பகம் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னாள். கைவசமிருந்த சொம்பிலிருந்து குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"பேனா எடு" என்றாள். "பேரு செண்பகம். புருஷன் பச்சையப்பன், சுண்ணாம்புத் தொட்டியில செத்தான், அதையும் எழுது. வயசு உங்க கணக்குக்குத் தொண்ணூத்தேழு. உசுரோட கீறேன்னு எழுது."